‘பேர்’ என்னும் கணக்கு: கலஹாப் பகுதித் தோட்டக் குடியிருப்புகளின் சனத்தொகையும் நிர்வாகமும்

1

ஒரு நிலப்பரப்பிற் கூடிவாழும் மக்கட்கூட்டம் எப்பொழுது ‘ஊர்’ என்னும் தகுதியைப் பெறுகின்றது? குடிகள் இருப்பதனால் மட்டும் ஓர் இடம் ஊராகிவிடுவதில்லை. அங்கு வாழ்வோர் அவ்விடத்திற்கு உரியோர் எனச் சட்டத்தால் ஏற்கப்படல் வேண்டும். அவ்விடத்தின் பாதை, நீர், பள்ளி, சுடுகாடு ஆகியவை பற்றித் தீர்மானிக்கும் அதிகாரத்தில் அவர்களுக்குப் பங்கு இருத்தல் வேண்டும். அரசு அவர்களை எண்ணும்பொழுது குடிகளாக எண்ணுதல் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்து, தலைமுறை தலைமுறையாக மக்கள் பிறந்து இறந்த இடமும் ஊராகாது. அது வெறும் வேலைத்தலமாகவே எஞ்சும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயின்றோருள் ‘கலஹா சந்தி’யை அறியாதார் இலர். ஆனால், அச்சந்திக்குப் பெயர்தந்த கலஹாவையும், அங்கிருந்து தெல்தோட்டை, ஹேவாஹெட்ட ஆகிய இடங்களை நோக்கி விரியும் தேயிலை மலைகளில் வாழும் மக்களையும் அறிந்தோர் சிலரே. இலங்கைத் தேயிலைத் தொழிலின் தோற்றுவாய் இம்மலைகளிலேயே அமைந்துள்ளது. அவ்வகையில், தோட்டம் என்னும் குடியிருப்பு வடிவம் எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு நிர்வகிக்கப்பட்டது என்பதை ஆராய்வதற்கு இப்பகுதி ஏற்றதொரு களமாகும்.

இலங்கையின் குடிசன மதிப்பீடு நாட்டின் குடியிருப்புகளை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாக வகுத்து நோக்குவது. 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புடையதும், 10 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர் வதிவதுமான பெருந்தோட்டமே ‘தோட்டத்துறை’ எனப்பட்டது. 2012ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் 4.4 வீதத்தினர் இத்துறையைச் சார்ந்தோர். இவ்வரைவிலக்கணத்தின் சமூக உள்ளடக்கம் ஆழ்ந்து நோக்கற்பாலது. நகரம் அதன் உள்ளூராட்சி அமைப்பினால் வரையறுக்கப்படுகின்றது. தோட்டமோ நிலத்தின் பரப்பினாலும் அதில் வதியும் தொழிலாளரின் எண்ணிக்கையினாலும் வரையறுக்கப்படுகின்றது. அங்கு வாழும் முதியோரும் சிறுவரும் தொழிலாளரைச் சார்ந்தோர் என்ற வகையிலேயே அவ்வகைப்பாட்டினுள் இடம்பெறுகின்றனர். உழைப்புச் சக்தியே முதன்மை. மனிதர் அதன் பின்னிணைப்பு.

இதனை உலகின் வேறொரு பகுதியுடன் ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. ஈரானில், பாரசீக மொழி பேசும் மிகச் சிறிய கிராமமாயினும், சில பத்துப் பேரே வாழும் கிராமமாயினும், குடிசன மதிப்பீட்டில் அது தன் பெயராலேயே பதிவாகின்றது. அது எந்தத் தெஹெஸ்தானுக்கு உரியது, அத்தெஹெஸ்தான் எந்த மாவட்டத்தில், எந்த மாகாணத்தில் உள்ளது, அங்கு எத்தனை குடும்பங்கள், எத்தனை பேர் என்பன வரிசையாகக் கூறப்படும். அக்கிராமங்கள் சமத்துவப் பூங்காக்களாக இருந்தன என்பது இதன் பொருளன்று. 1962இல் நிலச்சீர்திருத்தம் தொடங்கும் வரை அவற்றுட் பல, அர்பாப் எனப்படும் நிலக்கிழாரின் பிடியில் இருந்தன. ஊர்த் தலைவனான கத்குதா அந்நிலக்கிழாரின் கையாளாகவே இயங்கினான். ஆயினும் அங்கு ஒடுக்கப்பட்ட உழவனுக்கு ஊர் ஒன்று இருந்தது. கலஹாவின் தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இருக்கவில்லை. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. நிலப்பிரபுத்துவ உற்பத்தி உறவு கிராமத்தை ஏற்றுக்கொண்டு சுரண்டியது. குடியேற்றவாதப் பெருந்தோட்ட உற்பத்தியோ கிராமம் உருவாகாது தடுத்துச் சுரண்டியது. இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து இதுவே.

2

1815இற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அடுத்த கால் நூற்றாண்டிற்குள் கோப்பிப் பயிர்ச்செய்கை கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் பரவத் தொடங்கியது. அதற்கு வேண்டிய நிலத்தை வழங்கியது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும், எதிர்மாறாக நிறுவப்படாதவிடத்து, முடிக்குரியன எனக் கொள்ளப்பட்டன. ஏக்கர் 5 சிலிங் என்ற விலையில் அவை துரைமார்க்கும் அரச அலுவலருக்கும் விற்கப்பட்டன. கண்டிச் சிங்களக் கிராமத்தின் பொருளாதாரம் தாழ்நில வயலை மட்டும் நம்பியதன்று. மேட்டுநிலச் சேனை, மேய்ச்சற்றரை, விறகுக் காடு ஆகியனவும் அதன் உறுப்புகள். இவ்வுறுப்புகள் வெட்டியெடுக்கப்பட்ட பின்னர், பள்ளத்தாக்கிற் கிராமமும் மலைமேல் தோட்டமும் என இருவேறு உலகங்கள் அருகருகே நிலைபெற்றன. நிலமிழந்த சிங்கள விவசாயியும், நிலமின்றிக் கடல்கடந்து வந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே மூலதனத்தின் இருவேறு விளைவுகள் என்பதைப் பிற்கால அரசியல் மறைத்துவிட்டது. ஆயின், வரலாற்று மாணவன் அதனை மறத்தலாகாது.

சிங்களக் கிராமத்தவர் தம் வயலை விட்டுத் தோட்டத்திற் கூலியாக முழுநேரம் உழைக்க விரும்பினாரல்லர். எனவே, பஞ்சமும் சாதிக் கொடுமையும் கடனும் வாட்டிய தமிழகத்து மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையிலிறங்கி, வடபகுதிக் காடுகளைக் கடந்து, மாத்தளை வழியாக நடந்தே அவர்கள் மலையேறினர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மடிந்தோர் மிகப் பலர்.

கோப்பிக் காலத்துத் தொழிலாளர் வாழ்வு தமிழ் இலக்கியத்திற் பதிவான முறையும் இங்குக் கருதத்தக்கது. ஆபிரகாம் ஜோசப் என்பார் 1869இல் வெளியிட்ட ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ கோப்பிச் செய்கையைக் கும்மி வடிவிற் கூறுகின்றது. மக்களின் வடிவமாகிய கும்மி, பயிர்ச்செய்கையின் ஒழுங்குமுறையைப் போதிக்கும் கருவியாக அங்கு மாறிவிடுகின்றது. தோட்டத்தைப் பற்றிய தொடக்ககால அச்செழுத்து நிர்வாகத்தின் பார்வையில் நின்று எழுந்தது என்பது, நாம் ஆராயும் பொருளுக்கும் பொருந்துகின்ற உண்மையாகும்.

கோப்பிக் காலத்திற் குடிப்பெயர்வு பெரிதும் பருவகாலத்திற்குரியதாகவே இருந்தது. பழம் பறிக்கும் மாதங்களில் வந்து, வேலை முடிந்ததும் திரும்பியோர் பலர். 1869இல் இலங்கையிற் காணப்பட்ட கோப்பி இலை நோய் அடுத்த இரு தசாப்தங்களுக்குள் அத்தொழிலை அழித்தது. அதற்கு முன்னரே, 1867இல், கலஹாவிற்கு அப்பாலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1852இல் இளைஞராக வந்து சேர்ந்த அந்த ஸ்கொத்லாந்தியர், 1892இல் இறக்கும் வரை அத்தோட்டத்துடனேயே வாழ்ந்தார். தேயிலையின் வரலாற்றை எழுதியோர் அவருடைய பெயரையே எழுதினர். அந்த 19 ஏக்கரிற் காடு வெட்டி, குழிதோண்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்த கைகள் ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு ஏற்பட்ட மாற்றம் ஒரு பயிர் மாற்றம் மட்டுமன்று. அது சனத்தொகையின் தன்மையையே மாற்றியது. தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஏறத்தாழ வாரந்தோறும் கொழுந்து பறிக்கப்படல் வேண்டும். எனவே, வந்துபோகும் கூலிக்கூட்டம் மூலதனத்திற்குப் போதாததாயிற்று. நிலையாக வதியும் உழைப்பாளர் குடும்பம் அதற்குத் தேவைப்பட்டது. பெண்களின் உழைப்பு கொழுந்து பறித்தலின் அச்சாணியாகியது. பிள்ளைகள் அடுத்த தலைமுறைத் தொழிலாளராயினர். நிலையான குடியிருப்பு இவ்வாறு தோன்றியது. ஆனால், நிலையாக வாழ வைத்த அதே மூலதனம், வாழ்ந்தோரை நிலையான குடிகளாக ஏற்க மறுத்தது. தோட்ட வரலாற்றின் அடிப்படை முரண்பாடு இதுவேயாகும்.

3

தோட்டத்தின் உள்நிர்வாகம் ஒரு சிற்றரசின் நிர்வாகத்தை ஒத்தது. உச்சியில் தோட்ட அத்தியட்சகரான பெரிய துரை. அவருக்குக் கீழே சின்னத்துரை. அடுத்து கிளாக்கர், கண்டக்டர், கணக்கப்பிள்ளை முதலிய உத்தியோகத்தர். தொழிலாளரை நேரடியாகப் பிடித்து வைத்திருந்தவர் பெரிய கங்காணி. அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிமார். அதிகாலையிற் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி மலைக்கு அனுப்புவதில் இவ்வமைப்பின் முழு உருவமும் தினந்தோறும் வெளிப்பட்டது. துரையின் பங்களா மலையுச்சியிலும், உத்தியோகத்தர் வீடுகள் அதற்குக் கீழும், தொழிலாளரின் லயங்கள் பள்ளத்திலும் அமைந்த விதம் இவ்வதிகார ஏணியை நிலத்தின்மீதே வரைந்து காட்டிற்று.

இவ்வமைப்பின் மூலப்பத்திரம் ‘செக்றோல்’ எனப்படும் பெயரேடு. தோட்ட மக்களின் வழக்கில் ஒருநாட் கூலி ‘பேர்’ எனப்படும். குறித்த அளவு வேலையை முடித்தவருக்கு ஒரு பேர், முடிக்காதவருக்கு அரைப்பேர். உலகெங்கும் ஒருவரின் தனித்தன்மையைச் சுட்டும் சொல், இங்கு ஒருநாள் உழைப்பின் அளவைச் சுட்டும் சொல்லாகியது. செக்றோலிற் பெயர் இருக்கும்வரை காம்பிராவில் இடமுண்டு. பெயர் வெட்டப்பட்டால் இருப்பிடமும் போயிற்று. வேலையும் வீடும் ஒரே ஏட்டின் ஒரே வரியிற் பிணைக்கப்பட்டமையே தோட்ட நிர்வாகத்தின் இரகசியம். சாதாரண முதலாளித்துவத்தில் வேலையிழந்த தொழிலாளி கூலியை இழக்கின்றான். தோட்டத்தில் வேலையிழந்தவன் கூரையையும் அயலையும் பிள்ளைகளின் பள்ளியையும் ஒருங்கே இழந்தான்.

பெரிய கங்காணியின் வருவாயும் மக்கட்டொகையுடன் பிணைந்திருந்தது. அவருடைய கூட்டத்தில் வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் அவருக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது. தம் உறவினரையும் ஊரவரையும் முன்பணம் கொடுத்து அழைத்து வந்த கங்காணி, அவர்களுக்குக் கடன்காரரும் காவலரும் நியாயாதிபதியும் ஆனார். தொழிலாளர் வேறொரு தோட்டத்திற்குச் செல்ல வேண்டுமாயின் அவர்தம் கடனைக் குறிக்கும் ‘துண்டு’ அவர்களுடன் சென்றது. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்து அவர்களைப் பெற்றுக்கொண்டது. துண்டு முறை 1921இலேயே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், ‘பத்துச்சீட்டு’ என வழங்கிய பற்றுச்சீட்டு அதன்பின்னும் தொழிலாளியின் நடமாட்டத்தைத் துரையின் கையொப்பத்திற்குக் கட்டுப்படுத்திற்று. தமிழகக் கிராமத்தின் சாதி ஏற்றத்தாழ்வும் உறவுமுறைப் பணிவும் கங்காணி முறையினூடாகத் தோட்டத்திற் புகுத்தப்பட்டு, நவீன மூலதனத்திற்குச் சேவை செய்தன. முதலாளித்துவம் தனக்கு முற்பட்ட சமூக உறவுகளை எங்கும் அழித்துவிடுவதில்லை; இலாபம் தருமிடத்து அவற்றைப் பேணிக்கொள்வதும் உண்டு.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பிரா, பிள்ளைக்காம்பிரா, தோட்ட மருந்துச்சாலை, தோட்டப் பள்ளி ஆகிய யாவும் துரையின் ஆணைக்குட்பட்டவை. தோட்டத்திற் பிறப்போ இறப்போ நேர்ந்தால் அதனை அறிவிக்கும் பொறுப்பும் அவருடையதே. தொழிலாளிக்கு வந்த கடிதமும் தோட்டக் கந்தோருக்கே வந்து, அங்கிருந்தே லயத்திற்குச் சென்றது. அரசு தன் குடிமகனுடன் நேருக்குநேர் பேசும் ஒவ்வோர் இடத்திலும் துரை குறுக்கே நின்றார். சட்டமியற்றிய அரசு மருத்துவம், கல்வி, 1927இன் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் ஆகியவற்றினூடாகத் தலையிட்டபொழுதும், அச்சட்டங்களை நடைமுறைப்படுத்தும் கடமையைப் பெரிதும் நிர்வாகத்திடமே ஒப்படைத்தது.

4

தோட்டத்தைச் சூழ்ந்த கிராமத்தின் நிர்வாகம் வேறொரு தடத்திற் சென்றது. ரட்டே மகாத்மயா, கோறளை, ஆராச்சி என்னும் படிநிலைத் தலைமைக்காரரைப் பிரித்தானியர் தம் தேவைக்கேற்பப் பேணினர். 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டம் பழைய கிராம சபைகளுக்குப் புத்துயிர் அளித்தது. தலைமைக்காரர் முறை நிலவுடைமையாளரின் நலன்களைப் பேணியதே. எனினும், கிராமத்தவருக்கு வழக்குரைக்க ஓர் அவையும், பாதைக்கும் நீருக்கும் முறையிட ஓர் அலுவலரும் இருந்தனர். தோட்ட எல்லைக்கல்லுடன் அவ்வலுவலரின் கால் நின்றுவிட்டது.

1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு முதன்முறையாக ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ எனத் தமிழரை இருகூறாக எண்ணியது. பின்னர் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 31 ஆயிரம் பேர். நாட்டு மக்களுள் 12.9 வீதத்தினர். அவர்களுட் பலர் இம்மலைகளிலேயே பிறந்தோர். அவ்வாறிருந்தும், மூதாதையர் புறப்பட்ட நாட்டின் பெயரால் அவர்கள் குறிக்கப்பட்டனர். வகைப்பாடு என்பது நடுநிலையான செயலன்று. நிர்வாக வசதிக்காக இடப்பட்ட பெயர் பின்னர் அரசியல் ஆயுதமாகும் என்பதற்கு இது தக்க சான்று.

1931இன் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியது. தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினரும் வதிவிடத் தகைமைகளுடன் அதனைப் பெற்றனர். சட்டசபையில் வாக்களிக்கத் தகுதிபெற்ற இம்மக்கள் தம் குடியிருப்பின் பாதையைப் பற்றித் தீர்மானிக்கத் தகுதியற்றோராயினர். 1930களின் பிற்பகுதியிற் கிராமச் சமுதாயச் சட்டம் திருத்தப்பட்டபொழுது, இந்தியத் தோட்டத் தொழிலாளரைக் கிராம சபை வாக்குரிமையிலிருந்து விலக்க முயற்சி நடந்தது. இனப்பாகுபாடு என எதிர்ப்பு எழவே, தோட்ட லயங்களில் வதியும் தொழிலாளர் எவ்வினத்தவராயினும் விலக்கப்படுவர் எனச் சொற்கள் மாற்றப்பட்டன. சொல் மாறிற்று, விளைவு மாறவில்லை. எனினும் இம்மாற்றம், சட்டமியற்றியோர் தாம் அறியாமலே வெளியிட்ட ஓர் உண்மையைக் காட்டுகின்றது. ‘லயத்தில் வதிபவர்’ என்பது இனப்பெயரன்று. அது ஒரு வர்க்கத்தின் பெயர்.

இவ்வடைப்பை உடைக்கத் தொழிலாளர் முயலாமலிருக்கவில்லை. கலஹா, தெல்தோட்டை மலைகளுக்கு அண்மையில், ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், லங்கா சமசமாஜக் கட்சியின் செல்வாக்கிலிருந்த தொழிற்சங்கத்தின் வேலைநிறுத்தத்தின்போது, 1940 சனவரி 10இல் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். அதனைத் தொடர்ந்து நடந்த விசாரணைக் குழுவின்முன் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றித் தொழிலாளர் தரப்பிற்காக வாதிட்டார். அவ்வாண்டிலேயே ஊவாவின் வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே தெரிவுசெய்த ஒரு சபையை அமைத்தனர். அச்சபையைக் கலந்தே செயற்படத் தோட்டத்துரை இணங்கினார். இது நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும், கூலி உயர்வுக்கான போராட்டம் நிர்வாகத்திற் பங்கு கேட்கும் போராட்டமாக வளர்ந்த அரிய தருணம் அதுவாகும். பேரேட்டில் எண்ணப்பட்டோர் தம்மை ஆளும் சபையைத் தாமே எண்ணித் தெரிந்தனர்.

5

சுதந்திரம் இம்மக்களுக்கு எதிர்மாறான பொருளைத் தந்தது. 1947இன் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மலையகத்தின் வேறு தொகுதிகளிலும் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன. இதன் பின்னரே 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமும், 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் நிறைவேறின. 8 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே குடியுரிமை பெற்றனர். பிறப்புப் பத்திரம், தொடர்ந்து வதிந்தமைக்கான சான்று ஆகியவற்றைத் தொழிலாளி காட்டல் வேண்டும் என்றது சட்டம். அச்சான்றுகளை வைத்திருந்ததோ துரையின் கந்தோர். ஒரு நூற்றாண்டாகக் குடிகளாகப் பதியாமல் விடப்பட்டோரிடம் குடிகள் என்பதற்கு ஆதாரம் கேட்கப்பட்டது.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரைப் பங்கிட்டது: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவிற்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாக. பெயரைத் தலைக்காசாக மாற்றிய கணக்கு, இப்பொழுது அரசுகளுக்கிடையிலான கணக்காயிற்று. எண்ணப்பட்டோரின் கருத்து எங்கும் கேட்கப்படவில்லை. அவ்வாண்டு யூன் மாதத்தில் லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்திற் சேர்ந்திருந்தது என்பதையும் முற்போக்காளர் மறைத்தல் கூடாது.

1970களின் நிலச்சீர்திருத்தம் இதனினும் கூர்மையான சோதனையாகும். 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் தனியார் காணிகளுக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. ஏகாதிபத்திய மூலதனத்தின் கையிலிருந்து நிலம் மீட்கப்பட்டமை வரலாற்று முக்கியத்துவமுடைய செயலே. ஆனால், அந்நிலத்தை உழைத்து உருவாக்கியவர் யாது பெற்றனர்? ஈரானின் ஒப்புமை இங்கு மீண்டும் துணைபுரிகின்றது. அங்கு 1962இன் பின்னர் நிலம் பெற்றோர், ‘நஸக்’ எனப்படும் பயிரிடும் உரிமை உடையோர் மட்டுமே. அவ்வுரிமையற்ற ‘குஷ்நிஷீன்’ எனப்பட்ட கூலிகள் சீர்திருத்தத்திற்கு வெளியே நின்றனர். இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் நிலை அக்கூலிகளின் நிலையை ஒத்தது. அவர்கள் உழவர் என எண்ணப்படவில்லை. பலர் குடிமக்கள் எனவும் எண்ணப்படவில்லை. முதலாளி மாறினார், செக்றோல் மாறவில்லை. கண்டி மாவட்டத்தில் தோட்டங்கள் சில துண்டாடப்பட்டபொழுது, அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் வெளியேற்றத்தையும் வன்முறையையும் எதிர்கொண்டன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. முல்லோயாக் கோவிந்தனுக்காக வாதிட்ட கொல்வின் ஆர். டி சில்வாவே 1970 முதல் 1975 வரை பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். இதனைத் தனிமனிதரின் துரோகம் எனக் கூறி அமைதலில் பயனில்லை. தொழிலாளரைக் கூலிபெறும் வர்க்கமாக மட்டும் கண்டு, நிலத்திற்கும் ஊருக்கும் உரிமையுடைய மக்களாகக் காணாத கோட்பாட்டுக் குறைபாடே இங்குப் புலனாகின்றது.

இவ்வரலாற்றின் சுவடு எண்களிற் பதிந்துள்ளது. ‘இந்தியத் தமிழர்’ என எண்ணப்பட்டோர் 1953இல் நாட்டு மக்களுள் 12.0 வீதம், 1971இல் 9.3, 1981இல் 5.5, 2012இல் 4.1, 2024இல் 2.8. நாடனுப்பப்பட்டமை இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம். தம்மை ‘இலங்கைத் தமிழர்’ எனப் பதிந்துகொள்வோர் பெருகியமை மற்றொரு காரணம். அந்நியர் என்னும் முத்திரை துன்பத்தையே தந்தவிடத்து, அதனை உதறுதல் மக்களின் தற்காப்பாகும். 2024இன் மதிப்பீட்டில் ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரும் இவ்வகுப்பிற்குரிய பெயராக இடம்பெற்றமை நீண்ட கோரிக்கையின் பயன். தம்மைத் தாமே பெயரிடும் உரிமையில் ஒரு படி.

6

1988இன் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டவழித் தீர்வு கண்டன. மனிதர் குடிமக்களாயினர்; அவர்தம் குடியிருப்பு ஊராயிற்றா? 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தனர், உறுப்பினராகவும் தெரிவாயினர். ஆனால், தம் லயத்துப் பாதைக்கு ஒரு வண்டிக் கல் கொட்ட அச்சபையால் இயலவில்லை. இது 2018இலேயே திருத்தப்பட்டது. வாக்குரிமைக்கும் நிர்வாக உரிமைக்குமிடையில் 1930களில் இடப்பட்ட வேலி, சுதந்திரத்தின் பின்னும் 70 ஆண்டுகள் வெவ்வேறு சட்டங்களில் நின்றுநிலவியது.

கிராமத் தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது. ஆயினும், தோட்டங்களில் அரச நிர்வாகத்தின் கை மெல்லவே நீண்டது. நுவரெலியா மாவட்டத்தில் நெடுங்காலமாக 5 பிரதேச செயலகங்களே இருந்தன. 2012இல் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். கண்டி மாவட்டத்திலோ பிரதேச செயலாளர் பிரிவுகள் 20. கலஹா அடங்கும் தெல்தோட்டைப் பிரிவு இவ்வகையில் அளவிற் சிறியதே. எனினும், அலுவலகம் அண்மையில் இருப்பது மட்டும் போதாது. தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தைக் கிராமத்தில் கிராம அலுவலர் உறுதிப்படுத்துகின்றார். தோட்டத்தில் அக்கடமை தோட்ட அத்தியட்சகருக்கு அளிக்கப்பட்டது. தனியாரோ அரச நிறுவனமோ நடத்தும் ஒரு வணிக அமைப்பின் முகாமையாளர், ஒருவர் இந்நாட்டில் இன்ன இடத்தில் வாழ்கின்றார் எனச் சான்றுரைக்கும் நிலை வேறெத்துறையிற் காணப்படுகின்றது?

1992இல் அரச தோட்டங்களின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கண்டி மாவட்டத் தோட்டங்களிற் கணிசமானவை மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் முதலிய அரச நிறுவனங்களின் கீழ் எஞ்சின. கம்பனியாயினும் கூட்டுத்தாபனமாயினும், காம்பிராவின் கீழுள்ள நிலம் குடியிருப்போருக்கு உரியதாகவில்லை. அண்மைக் காலத்து வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்ற கொள்கை ஏற்கப்பட்டமையும், 2018இன் 32ஆம் இலக்கச் சட்டத்தினால் பெருந்தோட்டப் பிராந்தியத்திற்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டமையும் முன்னேற்றங்களே. அச்சட்டத்தின் தலைப்பிலேயே ‘புதிய கிராமங்கள்’ என்னும் சொல் வருவது குறிப்பிடத்தக்கது. கலஹாவைச் சூழ்ந்த மலைகளில் ஒன்றரை நூற்றாண்டாக மக்கள் வாழ்ந்துவரும் குடியிருப்புகள், சட்டத்தின் கண்ணில் இனிமேல்தான் கிராமங்களாக வேண்டியுள்ளன.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். தோட்டமக்களின் பிரச்சினையைக் கூலிப் பிரச்சினையாக மட்டும் காண்போரும், அதனை இனப்பிரச்சினையாக மட்டும் காண்போரும் ஒரு பாதியையே காண்கின்றனர். வேலையையும் வதிவிடத்தையும் ஒரே ஏட்டிற் பிணைத்த உற்பத்தி உறவே இவ்விரண்டிற்கும் அடித்தளம். கூலியை உயர்த்தினாலும் அப்பிணைப்பு அறாதவரை தொழிலாளர் குடியிருக்கும் உரிமைக்காகத் துரையையே நோக்கி நிற்பர். குடியுரிமை கிடைத்தும் அது அறாதவரை, அவர்கள் நாட்டின் குடிகளாகவும் ஊரற்றோராகவும் ஒருங்கே வாழ்வர். லயங்கள் இருந்த நிலம் குடும்பங்களின் பெயரில் உறுதியெழுதப்படல் வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பும் தன் பெயரால் கிராமமாகப் பிரகடனம் செய்யப்படல் வேண்டும். அதன் பாதையும் நீரும் பள்ளியும் தெரிவுசெய்யப்பட்ட சபையின் பொறுப்பாதல் வேண்டும். அப்பொழுதே ‘பேர்’ என்னும் சொல் கூலிக்கணக்கினின்று விடுபட்டு, மனிதரின் பெயராகும்.